வீட்டுத் தோட்டத்துக்கு வந்த வண்ணப் பறவைகள்: அனுபவப் பகிர்வு

திண்டுக்கல்லிலிருந்து:
செம்பருத்திக் கிளையில் சிரட்டை கட்டிச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி வைப்பது என் வழக்கம். சென்ற புரட்டாசியில் அதற்கு வந்த தேன்சிட்டு ஒன்றின் மஞ்சள் மார்பில், தொண்டையிலிருந்து வயிறு வரை மை ஒழுகியது போல ஒரு கருங்கோடு இருந்தது. ஏதோ நோய், பிற சிட்டுகளுக்கும் பரவிவிடும் என்று அஞ்சிச் சிரட்டையை அவிழ்த்துவிட்டேன். மறுநாளும் அது வந்து, சிரட்டை தொங்கிய இடத்தில் சிறகடித்து நின்று, மிஞ்சியிருந்த நூலை ஒருமுறை கொத்திவிட்டுப் போனது. அப்போது வெயில் பட்டு அந்தக் கோடு கருநீலமாக மின்னியது. அது என்ன சிட்டு?

நாகர்கோவிலிலிருந்து:
அது பெண் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு என்பது என் கருத்து. ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில், பறவைகளுக்காக நான் வைத்திருந்த மண்தட்டுக்கு எதிரே உள்ள ஜன்னல் கண்ணாடியில் ஆறுமணிக்குருவி மோதி விழுந்தது. பச்சை முதுகும் தோளில் நீலமும் வாலடியில் குங்குமச் சிவப்புமாக உள்ளங்கையில் கிடந்த அதன் நெஞ்சுத் துடிப்பு என் விரல்களில் தெரிந்தது. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இவ்வளவு தொலைவு பறந்து வரும் பறவை அது. துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, மாலையில் வாழையடியில் திறந்துவிட்டேன்; சருகுக்குள் தத்திப் போனது. அந்தியில் வழக்கமாகக் கேட்கும் அதன் இரட்டைச் சீழ்க்கை அன்று கேட்கவில்லை.

புதுச்சேரியிலிருந்து:
நாகர்கோவில் அன்பர் சொல்வது சரியன்று. பெண் ஊதாப்பிட்டுக்குத் தொண்டை வெளிறியிருக்கும், கோடு இராது. திண்டுக்கல் அன்பர் கண்டது ஆண் ஊதாத் தேன்சிட்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் மின்னும் கரும் இறகுகளை உதிர்த்து, அந்த ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஏறக்குறையப் பெட்டையைப் போல மாறிவிடும். அது நோயே அன்று. என் வீட்டில் அப்படி ஒன்று ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தோடு மூன்று நாள் சண்டையிட்டது. துணியால் மூடிய பிறகே ஓய்ந்தது.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் விரைவில் புளித்துவிடும். அதைவிட இட்லிப்பூச் செடி இரண்டு நட்டு, பூச்சி மருந்து தெளிக்காமல் விடுங்கள். தேன்சிட்டு தன் குஞ்சுகளுக்குப் பூச்சியும் சிலந்தியுமே ஊட்டுகிறது, கூட்டைப் பின்னுவதும் சிலந்தி நூலால்தான். ஆகவே ஒட்டடையை வீட்டுக்குள் மட்டும் அடித்தால் போதும். தண்ணீர்த் தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். கண்ணாடியில் வானமும் மரமும் தெரிவதால்தான் பறவை மோதுகிறது; வெளிப்புறத்தில் நெருக்கமாகக் கோலமாவுக் கரைசலால் புள்ளி வையுங்கள், மழையில் கரைந்தால் மறுபடியும் வையுங்கள்.