குன்னூர்–ஊட்டி தினசரி ஓட்டத்துக்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டர்: எவ்வளவு பேட்டரி, எந்த மோட்டார்?

அருவங்காடு43
வீடு குன்னூர் பக்கம், வேலை ஊட்டியில. ஒரு பக்கம் 18 கி.மீ., வாரத்துல ஆறு நாள், தனியா. மாசத்துக்கு ரெண்டு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி அன்னைக்கே ஏறணும், அப்போ பின்னாடி ஒரு ஆள் இருப்பாங்க. கடையில கேட்டா எல்லா வண்டியும் "மலை தாராளமா ஏறும்"னுதான் சொல்றாங்க. என் சந்தேகம்: 2.2 யூனிட் பேட்டரி போதுமா, 3க்கு மேல வேணுமா? சக்கரத்துக்குள்ளயே மோட்டார் இருக்கிற வண்டியா, நடுவுல மோட்டார் வெச்சு பெல்ட்ல இழுக்கிறதா? இறக்கத்துல பிரேக் தாங்குமா? லைசென்ஸ் வேண்டாத சின்ன வண்டி ஒண்ணு வீட்டுத் தேவைக்கு வாங்கலாம்னும் யோசனை.

கணக்குப்பிள்ளை
பேப்பர்ல போட்டிருக்கிற கி.மீ.யை மறந்துடுங்க, அது சமவெளிக் கணக்கு. மலைக்குத் தனிக் கணக்கு இருக்கு, கையாலயே போடலாம். வண்டி + ஆட்கள் + சாமான் மொத்த எடையை (கிலோ) ஏறுற உயரத்தால (மீட்டர்) பெருக்கி, அதை 9.8ஆல பெருக்கி, 36 லட்சத்தால வகுங்க. வர்றது யூனிட். மோட்டார், கண்ட்ரோலர் (மோட்டாருக்குப் போற கரண்ட்டைக் கட்டுப்படுத்துற பெட்டி), பெல்ட்ல போற நஷ்டத்துக்காக அதை 0.8ஆல வகுங்க.

ரெண்டு பேர் போனா மொத்தம் 250 கிலோன்னு வைங்க. மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 325 மீட்டர், குன்னூர் 1850. அதாவது 1500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல ஏத்தம். அதுக்கு மட்டும் 1.3 யூனிட் போகும். 34 கி.மீ. தூரத்தை ஓட்டுற செலவு தனி: மெதுவா போனா கி.மீ.க்கு 0.02 யூனிட், மொத்தம் 0.7. ஆக 2 யூனிட். 2.2 பேட்டரில இது கத்தி மேல நடக்கிற வேலை. கடைசி 10–15 சதவீதத்துல பெரும்பாலான வண்டிகள் பவரைக் குறைச்சுடும், அது சரியா குன்னூருக்கு முன்னாடி கடைசி ஏத்தத்துல நடக்கும். 3 யூனிட் இருந்தா, இறங்கி ஏறியும் மூணுல ஒரு பங்கு மிஞ்சும். மூணு வருஷம் கழிச்சு பேட்டரி கொஞ்சம் தேஞ்சாலும் சமாளிக்கலாம்.

ஊட்டி போய் வர்றது பெரிய விஷயமே இல்ல. 1850லருந்து 2240க்கு, நடுவுல இருக்கிற சின்னச் சின்ன ஏத்த இறக்கத்தையும் சேர்த்தா, தனி ஆளுக்கு மேல போக 0.7, திரும்ப 0.3. தினமும் ஒரு யூனிட்னு வெச்சுக்கலாம்.

இறங்கும்போது சார்ஜ் ஏறும்னு ரொம்ப நம்பாதீங்க. குன்னூர்லருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் தனியா இறங்கினா திரும்பக் கிடைக்கிறது 0.15–0.2 யூனிட்தான். மத்தது காத்துலயும் டயர்லயும் பிரேக்லயும் போயிடும்.

வைண்டிங்
மோட்டார் பத்தி. கேட்டலாக்ல டார்க் (சுழற்றுற விசை) எண்ணை அப்படியே ஒப்பிடக் கூடாது. டிவிஎஸ் ஐக்யூப் ஸ்கூட்டர்ல 140 நியூட்டன் மீட்டர்னு இருக்கும், ஏத்தர் 450எக்ஸ்ல 26னு இருக்கும். முதல் வண்டி அஞ்சு மடங்கு இழுவைன்னு அர்த்தம் இல்ல. 140ங்கிறது சக்கரத்துல கிடைக்கிறது, ஏன்னா மோட்டாரே சக்கரத்துக்குள்ள. 26ங்கிறது மோட்டார் தண்டுல. பெல்ட் வழியா அது பல மடங்காகித்தான் சக்கரத்துக்கு வரும்.

தேவை எவ்வளவுன்னு பார்த்தா, 250 கிலோவை 10 சதவீத ஏத்தத்துல (100 மீட்டர் போனா 10 மீட்டர் ஏறுறது) இழுக்க, 12 இஞ்ச் சக்கரத்துல 65–70 நியூட்டன் மீட்டர் வேணும். 15 சதவீதத்துக்கு 95. மணிக்கு 30 கி.மீ.ல 10 சதவீதம் ஏற சக்கரத்துல 2.5 கிலோவாட். இன்னைக்கு பதிவு பண்ற வண்டி பெரும்பாலானதும் ஓரிரு நிமிஷத்துக்கு இதைக் கொடுக்கும். கேள்வி ஒரு மணி நேரம் கொடுக்குமாங்கிறதுதான். அதனால உச்ச பவரை விட்டுட்டு, தொடர்ச்சியான பவர் எவ்வளவுன்னு கேளுங்க.

மேட்டுப்பாளையம் ரோடு சராசரியா 6 சதவீதத்துக்குள்ளதான். பல் சக்கரம் வெச்சு ஏறுற நம்ம ரயில் பாதையே ஏறக்குறைய 12க்கு 1 தான், 8 சதவீதம். எஸ்டேட்டுக்குள்ள போற சிமெண்ட் ரோடும் கிராமத்துக் குறுக்குப் பாதையும்தான் 15ஐத் தாண்டும். வண்டியோட நிஜ சோதனை அங்கதான்.

சக்கர மோட்டார் மெதுவா சுத்தும், சூடு வெளிய போக வழி கம்மி. நீள ஏத்தத்துல முதல்ல பவர் குறைவது அதுலதான். நடு மோட்டார் வேகமா சுத்தி, கம்மி கரண்ட்ல அதே இழுவையைக் கொடுக்கும். உங்க ஓட்டத்துக்கு நான் நடு மோட்டாரைத்தான் சொல்வேன். பெல்ட் ஒரு செலவு, ஒத்துக்கிறேன். கல் சிக்கினா பல் உதிரும், மழைக்காலத்துல அடிக்கடி பார்க்கணும்.

லைசென்ஸ் வேண்டாத வண்டி வேண்டவே வேண்டாம். அந்தச் சலுகைக்கு மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25க்குள்ள இருக்கணும். 150 கிலோவை 10 சதவீதத்துல 250 வாட் இழுத்தா மணிக்கு 4–5 கி.மீ., நடந்தே போயிடலாம். அதுக்கு மேல போகுதுன்னா கண்ட்ரோலர் அளவை மீறிக் கொடுக்குது, சீக்கிரம் கருகும்.

நாலாவது_வளைவு
சக்கர மோட்டார்னாலும் ஈகோ மோட்ல 20ல போனா சூடாகாது. ஊருக்குள்ள நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க.

வைண்டிங்
பேட்டரிக்கு அது சரி, மோட்டாருக்குச் சரியில்ல. ஒரே ஏத்தத்துல 20ல போனாலும் 35ல போனாலும் தேவையான இழுவை ஏறக்குறைய ஒண்ணுதான். இழுவை ஒண்ணுன்னா காயில்ல ஓடுற கரண்டும் ஒண்ணு, சூடும் ஒண்ணு. 20ல போனா காத்து கம்மி, அந்தச் சூட்டுல இருக்கிற நேரமோ முக்கால் மடங்கு கூட. 30–35ல சீரா ஏறி, பாதியில பத்து நிமிஷம் நிறுத்துறது நல்லது.

சூட்டைவிடக் கெட்ட பழக்கம் இன்னொண்ணு: ட்ராபிக்ல ஏத்தத்துல நிக்கும்போது பிரேக் பிடிக்காம ஆக்சிலரேட்டரை லேசா திருகி வண்டியை நிறுத்தி வைக்கிறது. மோட்டார் சுத்தாததால கரண்ட் முழுக்க ஒரே ஜோடி வயர்ல, கண்ட்ரோலருக்குள்ள கரண்ட்டைத் திறந்து மூடுற ஒரே மாஸ்ஃபெட்ல போகும். சில நிமிஷத்துல கண்ட்ரோலர் போயிடும். ஏத்தத்துல தானா பிடிச்சு நிறுத்துற வசதி இருந்தா அதைப் பயன்படுத்துங்க, இல்லைன்னா கை பிரேக்.

பர்லியார்_பனி
பிரேக்குக்கு நான். பெட்ரோல் வண்டில ரெண்டாவது கியர்ல இறக்குவோம், இதுல அந்த இடத்துல இருக்கிறது ரீஜென் (இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடிச்சு பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) மட்டும்தான். பேட்டரி முழுசா நிறைஞ்சிருந்தா ரீஜென் வேலை செய்யாது, மின்சாரம் போக இடம் இல்ல. மலை மேல வீடு இருக்கிறவங்களுக்குத்தான் இந்தச் சிக்கல். ராத்திரி 100 சதவீதம் ஏத்தி, காலைல நேரா இறக்கத்துல விட்டா முதல் நாலஞ்சு கி.மீ. முழு பாரமும் பிரேக் மேல. இறங்குற நாள்ல 90ல நிறுத்துங்க. மேல கணக்குப்பிள்ளை சொன்னபடி திரும்பக் கிடைக்கிறது அஞ்சாறு சதவீதம், அதுக்கு 10 சதவீத இடம் போதும்.

முன்னாடி டிஸ்க் கட்டாயம். டிரம் மட்டும் இருக்கிற விலை குறைஞ்ச மாடல் இங்க ஆகாது. சூட்டுல டிரம் விரியும், லீவர் உள்ள போயிட்டே இருக்கும். டிஸ்க்லயும் லேசா அழுத்திக்கிட்டே தேய்ச்சு இறங்காதீங்க. வளைவுக்கு முன்னாடி அழுத்தமா பிடிச்சு வேகத்தைக் குறைச்சு, விட்டுடுங்க, ஆற நேரம் கிடைக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். நம்ம ஊர் மூடுபனிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறது கட்டாயம். லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினா ஆயில் கொதிக்குதுன்னு அர்த்தம், ஓரமா நிறுத்தி ஆறவிடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, தட்டு கோணிடும்.

மழையில ரீஜெனைக் குறைஞ்ச அளவுக்கு மாத்திடுங்க. அது பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும், ஈர இலை மேல வளைவுல ஆக்சிலரேட்டரைச் சட்டுன்னு விட்டா பின்பக்கம் வழுக்கும்.

அருவங்காடு43
நன்றி, 3 யூனிட்டுக்கு மேல, நடு மோட்டார்னு முடிவு பண்ணிட்டேன். வீடு பழசு, வயரிங் பழசு. டிசம்பர்ல ஊட்டியில உறைபனி வேற. சார்ஜ் எப்படிப் போடறது?

ஃபேஸ்_நியூட்ரல்
முதல்ல எர்த்தைச் சோதிங்க. மல்டிமீட்டர்ல ஃபேஸ்–நியூட்ரலும் ஃபேஸ்–எர்த்தும் ஏறக்குறைய ஒரே வோல்ட் காட்டணும், நியூட்ரல்–எர்த் 3–5க்குள்ள இருக்கணும். பாறை மண்ல போட்ட எர்த் குழி பிப்ரவரி மார்ச்ல காய்ஞ்சுடும், அப்போ சார்ஜர் எர்த் கோளாறுன்னு நின்னுடும். குழியில தண்ணி ஊத்திப் பாருங்க, சரியாகலைன்னா புதுசா குழி எடுக்கணும்.

750 வாட் சார்ஜர் 3.5 ஆம்பியர்தான் இழுக்கும், 5 ஆம்பியர் பிளக் போதும்னு தோணும். ஆனா நாலரை மணி நேரம் விடாம ஓடும்போது தளர்ந்த பழைய சாக்கெட் உருகிடும். 2.5 சதுர மில்லி வயர் இழுத்து, தனி எம்சிபியோட (கரண்ட் மீறினா தானா அணையுற சுவிட்ச்) 15 ஆம்பியர் சாக்கெட் போடுங்க.

பனிக்கு: லித்தியம் செல்லை 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணினா உள்ளே லித்தியம் படிஞ்சு, செல் நிரந்தரமா கெடும். பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கிற சர்க்யூட்) பெரும்பாலும் தடுத்துடும், இல்ல ரொம்ப மெதுவா ஏத்தும். குன்னூர்ல அந்த அளவு குளிர் வராது, ஊட்டியில ராத்திரி வெளிய நிறுத்தினாத்தான் பயம். சாயந்தரம் வந்து பேட்டரி கதகதப்பா இருக்கும்போதே சார்ஜ் போட்டுடுங்க. அதிகாலைல டைமர் வைக்காதீங்க. குளிர் நாள்ல ஓட்டம் 10–15 சதவீதம் குறையும், அது பழுது இல்ல.

வைண்டிங்
ஒண்ணு விட்டுப் போச்சு. வழியில நின்னா கயிறு கட்டி இழுத்துட்டுப் போகாதீங்க. சக்கரம் சுத்தினா காந்த மோட்டார் கரண்ட் உற்பத்தி பண்ணி கண்ட்ரோலரை அடிக்கும். பிக்கப்ல ஏத்திக் கட்டுங்க. பணம் கட்டும் முன்னாடி, கண்ட்ரோலர் பழுதானா ஊட்டியிலயே மாத்துவாங்களா, கோயம்புத்தூர் அனுப்புவாங்களான்னு எழுதி வாங்கிடுங்க.