உள்ளூர் சேனலில் மாலை 7 மணி யாருக்கு?

கூறைநாட்டார்:
மயிலாடுதுறையில் ஓடும் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். பெயர் வேண்டாம், பார்க்கிறவர்களுக்குத் தெரியும். நேற்று 7 மணிக்கு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன் (வாத்தியார் புத்தி, போகாது). முதலில் பிறந்தநாள் வாழ்த்து. 23 குழந்தைகள். எல்லாருக்கும் ஒரே பாட்டு, படத்தைச் சுற்றி ஒரே பலூன். பிறகு ஜவுளிக்கடை விளம்பரம், உடனே அதே விளம்பரம் மறுபடியும். அப்புறம் பழைய படக் காமெடி. மேலே வடிவேலு அடி வாங்கிக்கொண்டிருக்கிறார், கீழே யாரோ இறைவனடி சேர்ந்த செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றுதான். 7 முதல் 8 வரை ஊருக்குக் கொடுங்கள். நகர்மன்றக் கூட்டத்தை வெட்டாமல் போடலாம். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர், நாளை எங்கே மின்தடை என்று சொல்லலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பேச வைக்கலாம். 2020 டிசம்பரில் 38ஆவது மாவட்டம் ஆனோம். மாவட்டத் தலைநகரின் சேனலில் பலூன் மட்டும்தானா?

கேமராக்காரன்:
சார், வணக்கம். அந்த சேனல் இல்லை, ஆனால் அதே தொழிலில் 14 வருடமாக இருக்கிறேன். அந்த 23 பலூன்தான் எங்கள் கரண்ட் பில். ஒரு வாழ்த்துக்கு 300 ரூபாய் வாங்குகிறோம். நகர்மன்றக் கூட்டத்துக்கு எந்தக் கடைக்காரர் விளம்பரம் தருவார்? மூன்று மணி நேரம் ஓடும் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் தீர்மான எண் வாசிப்பார்கள். நீங்களே அரை மணியில் சீரியலுக்கு மாற்றிவிடுவீர்கள்.

இன்னொன்று. இது ஆசைப்பட்டதைப் போடுகிற காலம் இல்லை. ஒளிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பர் 30 அன்று எம்.எஸ்.ஓ.க்களின் (எங்களைப் போன்றவர்களுக்கு சிக்னல் கொடுக்கும் பெரிய கேபிள் நிறுவனங்கள்) சொந்த சேனல்களுக்கு விதி போட்டது. சேனலுக்கு 1,000 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும், திரையில் 'பிளாட்ஃபார்ம் சர்வீசஸ்' என்று போட வேண்டும், போட்டதை எல்லாம் 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமானால் கம்பெனியாகப் பதிந்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற சின்ன ஆள் எம்.எஸ்.ஓ.வின் நிழலில்தான் ஓட்டுகிறோம். நாளைக்கு ஒரு கவுன்சிலர் கோபப்பட்டால் சேனல் எண்ணே காணாமல் போகும்.

கூறைநாட்டார்:
விதியைச் சொன்னது நல்லது தம்பி, ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். அதே விதியில்தான் உள்ளூர் நிகழ்ச்சிக்காக மாவட்டத்துக்கு இரண்டு சேனல் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. உள்ளூர்த் தேவைக்கு என்று சொல்லித்தான் அந்த இடத்தையே கொடுத்தார்கள். பலூனுக்கு அல்ல.

ஊர்க்காரர்களின் நிகழ்ச்சியை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு குஜராத்தில் எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. 1975இல் கேடா மாவட்டத்தில் பீஜ் என்ற ஊரில் சின்ன ஒளிபரப்பி வைத்தார்கள். நடத்தியது யார் தெரியுமா, ராக்கெட் விடுகிற இஸ்ரோ. கிராமத்துப் பொதுப் பெட்டிகளின் முன்னால் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். குறைந்த கூலி, தீண்டாமை, குடி என்று அவர்கள் பாடே நாடகமாக வந்தது, நடித்ததிலும் கிராமத்தார் இருந்தார்கள். 1984இல் யுனெஸ்கோ பரிசு கொடுத்தது. அங்கே பலூன் இல்லாமல்தான் பார்த்தார்கள்.

ஸ்பிளிட்டர்:
சார், கேடாவில் அப்போது வேறு சேனல் கிடையாது. சுவரில் சுண்ணாம்பு காய்வதைக் காட்டியிருந்தாலும் பார்த்திருப்பார்கள். இன்றைக்கு எங்கள் தெருவில் பாதி வீடு கேபிளை வெட்டிவிட்டது. செட்டாப் பாக்ஸ் வந்ததிலிருந்து உள்ளூர் சேனல் எந்த எண்ணில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு ஆள் வேண்டும். கூட்டத்தை ஃபோனில் எடுத்து யூடியூபில் போட்டால் முடிந்தது. செத்த குதிரைக்கு எதற்கு லாடம்?

துலாக்கட்டம்:
தம்பி ஸ்பிளிட்டர், அந்தக் குதிரை எங்கள் வீட்டில் தினமும் ஓடுகிறது. நான் சென்னையில் இருக்கிறேன், அம்மா ஊரில் தனியாக. முழங்கால் வலி, வாசல்படி தாண்டுவதே சிரமம். ஐப்பசி முழுக்கக் காவிரிக் கரையில் நடப்பதை அந்த சேனலில்தான் பார்க்கிறார். ஐப்பசி கடைசி நாளான கடைமுகத்தன்று ஸ்வாமி துலாக்கட்டப் படித்துறைக்கு வந்து தீர்த்தவாரி கொடுக்கும்போது டிவி முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொள்வார், முடிந்ததும் தலையில் தெளித்துக்கொள்வார். கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்குக்கும் அப்படியே. அவர் காலுக்கு அதுதான் பொருத்தம் என்று சிரிப்பார்.

ஆனால் அவருக்கு முக்கியமான நிகழ்ச்சி அது இல்லை. மரண அறிவிப்பு. 7 மணிக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். போன வருடம் எங்கள் பெரியம்மா வழியில் ஒருவர் தவறியது எங்களுக்குத் தெரிந்ததே அந்த ஸ்க்ரோலில்தான். வாட்ஸாப் குழுவில் நாங்கள் இல்லை, சொல்ல மறந்துவிட்டார்கள். அம்மா ஆட்டோ வைத்துப் போய்ச் சேர்ந்தார். யூடியூபில் இதை எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது?

என் சண்டை வேறு. அந்த ஸ்க்ரோல் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது? பெயரைப் படிப்பதற்குள் தெரு போய்விடுகிறது. தெருவைப் பிடித்தால் அடக்கம் எத்தனை மணிக்கு என்பது போய்விடுகிறது. ஜவுளிக்கடை மட்டும் நின்று நிதானமாக வருகிறது.

கேமராக்காரன்:
அக்கா, ஸ்க்ரோல் வேகம் எங்கள் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். மரண அறிவிப்புக்கு எங்கள் சேனலில் காசு வாங்குவதில்லை. காசில்லாததால் நிறைய வருகிறது, நிறைய வருவதால் வேகமாக ஓட்டுகிறோம்.

சார், செய்தி ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு இந்த ஸ்க்ரோலே சாட்சி. சில வருடம் முன்னால் ராத்திரி ஒருவர் ஃபோன் செய்து மாமனார் தவறிய தகவல் சொன்னார். கன்ட்ரோல் ரூமில் புதுப் பையன். இறந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தகவல் சொன்னவர் பெயரை அடித்துவிட்டான். காலையில் அந்த மனிதர் மாமனார் காரியத்துக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தால், எதிரே இரண்டு பேர் அவருக்கே மாலையோடு வருகிறார்கள். நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தார். அடிக்கவில்லை. "என் பெயரை எடுத்துட்டு அவர் பெயரைப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மாறுகிற வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயரைச் சரிபார்க்க எங்களிடம் ஆள் இல்லை. டெண்டர் கணக்கைச் சரிபார்க்க எங்கே போவேன்?

கூறைநாட்டார்:
நான் துப்பறியச் சொல்லவில்லை. கேமராவை வைத்துவிட்டு நடப்பதைக் காட்டச் சொல்கிறேன். அமெரிக்காவில் கேபிள்காரர் ஊருக்குள் கம்பி இழுக்க அனுமதி கேட்டால், பொதுமக்களுக்கும் பள்ளிக்கும் ஊராட்சிக்கும் சேனல் ஒதுக்கச் சொல்ல உள்ளூர் நிர்வாகத்துக்கு 1984 சட்டம் அதிகாரம் கொடுத்தது. அந்தச் சேனலில் என்ன வருகிறது என்பதில் பெரும்பாலும் கேபிள்காரர் கை வைக்க முடியாது. இங்கே சமுதாய வானொலிக்கு உரிமம் உண்டு, 2004லேயே அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டது. சமுதாயத் தொலைக்காட்சிக்கு அப்படி ஓர் உரிமமே இல்லை. அதனால்தான் உங்கள் பலூனைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ஸ்பிளிட்டர்:
சரி, ஒரு விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். 2024 ஏப்ரலில் செம்மங்குளம் பக்கம் சிறுத்தை வந்ததே, நினைவிருக்கிறதா? பள்ளிக்கு லீவு விட்டார்கள். அந்த நான்கு நாளில் என் ஃபோனுக்கு வந்த வீடியோவைக் கணக்குப் பார்த்தால் ஊரில் நாற்பது சிறுத்தை இருந்திருக்கும். ஒன்றில் பின்னால் மலை தெரிகிறது. மயிலாடுதுறையில் மலை! ராத்திரி 9 மணிக்குப் பாட்டியை வாசலில் உட்காரவிடலாமா என்று கேட்க ஆள் இல்லை. அன்றைக்கு ஒருவர் திரையில் உட்கார்ந்து "இந்தத் தெருவில் பார்த்தது உண்மை, அந்த வீடியோ பொய்" என்று சொல்லியிருந்தால் நானே எண்ணைத் தேடி வைத்திருப்பேன். எங்கள் வீட்டில் பார்த்தபோது உள்ளூர் சேனலில் பலூன்தான் ஓடியது.

கேமராக்காரன்:
தம்பி, அன்றைக்கு நான் ராத்திரி முழுக்க பைக்கில் கேமராவோடு சுற்றினேன். ஒரு நாயைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. "ஒன்றும் கிடைக்கவில்லை" என்பதைச் செய்தியாகப் போடலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

துலாக்கட்டம்:
அதைத்தான் போட்டிருக்க வேண்டும்.

சார், ஒன்று உங்களுக்கும். பலூனை ரொம்பத் திட்டாதீர்கள். எங்கள் வீட்டில் வேலை பார்த்த அம்மா ஒருவரின் பேத்திக்கு முதல் பிறந்தநாள் அதில்தான் வந்தது. 300 ரூபாய் சேர்த்துக் கட்டினாராம். அன்றைக்குத் தெருவே பார்த்தது. நகர்மன்றத்தில் அவர் பெயர் வரப்போவதில்லை.

கூறைநாட்டார்:
அது சரி. பலூன் இருக்கட்டும். 7 மணியிலிருந்து நகரட்டும் என்கிறேன்.

கேமராக்காரன்:
7 மணியை விட்டால் 300 யாரும் தரமாட்டார்கள் சார். ஒன்று செய்யலாம். எங்கள் சேனலில் புதன்கிழமை 8 முதல் 8.30 காலியாகத்தான் இருக்கிறது, பழைய பாட்டு ஓடுகிறது. அந்தப் பாட்டுக்கும் காப்புரிமை கேட்டு ஒருநாள் யாராவது நோட்டீஸ் விடுவார்கள். நீங்களே வந்து உட்காருங்கள். தண்ணீர் நேரம், மின்தடை, பள்ளிப் பிள்ளைகள், என்ன வேண்டுமானாலும். நகர்மன்றம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். பாடம் நடத்தினால் பத்தாவது நிமிடம் பலூனைப் போட்டுவிடுவேன்.

கூறைநாட்டார்:
நகர்மன்றம் இல்லாமல் ஒரு மாதம் வருகிறேன். அடுத்த மாதம் மறுபடி கேட்பேன். புதன் ஆகாது, வியாழன்?

கேமராக்காரன்:
வியாழன் சாய்பாபா பஜனை, அவர்கள் காசு கட்டுகிறார்கள். செவ்வாய் பார்க்கலாம்.

துலாக்கட்டம்:
இதை அம்மாவுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். எந்தக் கிழமையானாலும் சரியாம். வாத்தியார் பேசும்போது கீழே ஸ்க்ரோல் ஓடுமா என்று மட்டும் கேட்கச் சொன்னார்.