2000-க்குப் பிந்தைய மெய்டன்: பாலாய் ராயாவில் எந்தப் பாட்டு?

பால்மரக்காடு:
சுங்கை சிப்புட் பாலாய் ராயா பொது மண்டபத்தில் தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு. கடைசியில் நம் பையன்கள் வாசிக்க ஏற்பாட்டுக் குழு பத்து நிமிஷம் தந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழு அயன் மெய்டனின் பாட்டுதான் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் எண்பதுகளின் பாட்டு வேண்டாம், அதை ஊரே வாசித்துத் தேய்த்துவிட்டது. 1999-இல் பாடகர் புரூஸ் டிக்கின்சனும் கித்தார்காரர் அட்ரியன் ஸ்மித்தும் குழுவுக்குத் திரும்பி வந்தார்கள். அதன் பிறகு 2000 முதல் 2021 வரை ஆறு ஆல்பங்கள். அவற்றிலிருந்து ஒன்றைச் சொல்லுங்கள். என் ஓட்டு 2003-இல் வந்த 'பாஷண்டேல்'.

லயத்து எட்டி:
எட்டரை நிமிஷப் பாட்டு, தம்பி. பிரியாணி வரிசையே அதற்குள் முடிந்துவிடும்.

பிற்கால மெய்டன் எல்லாமே ஒரே அச்சு. ஸ்டீவ் ஹாரிஸ் தன் பேஸ் கித்தாரைத் தனியாக வருடுவார், மூன்று கித்தாரும் வந்து சேரும், அப்புறம் குதிரை ஓட்டம் போன்ற தாளம், பல்லவி திரும்பத் திரும்ப, கடைசியில் மறுபடியும் அதே பேஸ். 'தி விக்கர் மேன்' மட்டும் விதிவிலக்கு. நாலரை நிமிஷத்தில் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடும். மற்றதில் பாதியை வெட்டிப் போடலாம். யாருக்கும் தெரியாது.

ஷிப்ட் முடிஞ்சது:
பாதியை வெட்டலாமா? 2010-இல் வந்த 'வென் தி வைல்ட் விண்ட் புளோஸ்' பாட்டில் எந்தப் பாதியை வெட்டுவீர்கள், அண்ணே? வயதான தம்பதி, அணுகுண்டு விழப் போகிறது என்ற செய்தி, வீட்டுக்குள்ளேயே பதுங்கும் ஏற்பாடு. நிலம் அதிர்கிறது. குண்டுதான் என்று நினைத்து இருவரும் விஷம் குடிக்கிறார்கள். வந்தது பூகம்பம். மூலக் கதை ரேமண்ட் பிரிக்ஸின் படக்கதை, அதில் குண்டு நிஜமாகவே விழும். ஹாரிஸ் அந்த முடிவைத் திருப்பிப் போட்டார். அந்தத் திருப்பம் கடைசியில் உறைக்க வேண்டுமென்றால் முன்னால் பத்து நிமிஷம் அந்த இரண்டு பேரோடு நாம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

லயத்து எட்டி:
கதை நல்ல கதைதான். தீபாவளி மேடையில் தம்பதி விஷம் குடிக்கும் பாட்டா? குழுத் தலைவர் மைக்கைப் பிடுங்கிவிடுவார்.

பழைய கேசட்:
2015-இன் 'எம்பையர் ஆஃப் தி கிளவுட்ஸ்' பற்றி யாரும் பேசவில்லையே! 1930-இல் பிரான்சில் விழுந்த ஆர்101 ஆகாயக் கப்பல், 48 பேர் பலி. டிக்கின்சனே எழுதி, அவரே பியானோவும் வாசித்தது. பதினெட்டு நிமிஷம். வாசிக்க முடியாது, தெரியும். சிறந்தது எது என்று கேட்டதால் சொல்கிறேன்.

லயத்து எட்டி:
இது என் கட்சிக்குத்தான் பலம். அதில் குதிரை ஓட்டம் இல்லை, பேஸ் முன்னுரை இல்லை, ஹாரிஸின் கையே இல்லை. விக்கர் மேனிலும் ஸ்மித்தும் டிக்கின்சனும் கூட எழுதியிருக்கிறார்கள். ஹாரிஸ் தனியாக உட்கார்ந்து எழுதும்போதுதான் பாட்டு இழுத்துக்கொண்டே போகிறது. 2021-இன் 'ஹெல் ஆன் எர்த்' கேளுங்கள், டிரம் விழுவதற்குள் தே தாரிக் ஆறிப்போகும்.

பால்மரக்காடு:
அப்படியானால் உங்கள் கணக்குப்படியே பாஷண்டேல் ஜெயிக்கிறது அண்ணே. அதை எழுதியவர்கள் ஸ்மித்தும் ஹாரிஸும்.

தொடக்கத்தையே கேளுங்கள். மெல்லிய தட்டல், ஒற்றைக் கித்தார், அப்புறம் எதிர்பாராமல் மொத்த வாத்தியமும் மேலே விழும். மறுபடியும் அடங்கும். 1917-இல் பெல்ஜியச் சேற்றில் நடந்த போர் அது. பதுங்குகுழியில் காத்திருப்பதும் பீரங்கி வெடிப்பதும் மாறி மாறி வருவதால் அந்த ஏற்ற இறக்கம் பாட்டுக்குத் தேவைப்படுகிறது. அலங்காரத்துக்காக வைத்தது இல்லை.

ஷிப்ட் முடிஞ்சது:
ஹாரிஸ் தனியாக எழுதினால் இழுக்கும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'பிளட் பிரதர்ஸ்' யாருடையது? 2000 ஆல்பம், ஹாரிஸ் மட்டுமே, இறந்துபோன தன் அப்பாவை நினைத்து எழுதியது. ஏழு நிமிஷம், குதிரையும் இல்லை, ஊஞ்சல் ஆடுகிற தாளம். 2010-இல் மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ இறந்த பிறகு மேடையில் அவருக்கு இதைத்தான் சமர்ப்பித்தார்கள்.

நம் வீடுகளில் தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படையல் போடுகிறோம். அந்த மண்டபத்தில் அப்பாவை இழந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! ஆங்கிலம் புரியாத பாட்டிக்கும் அந்த மெட்டு புரியும். விக்கர் மேன் நல்ல பாட்டு, யார் இல்லை என்றது? ஆனால் முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பழைய கேசட்:
அக்கா சொல்வது சரி. 2011 பிப்ரவரியில் சிங்கப்பூர் இண்டோர் ஸ்டேடியத்தில் நின்று கேட்டவன் நான். விக்கர் மேன், பிளட் பிரதர்ஸ், வைல்ட் விண்ட் மூன்றும் அன்றைக்கு உண்டு. விக்கர் மேனுக்குக் குதித்தார்கள். பிளட் பிரதர்ஸுக்குத் தெரியாதவன் தோளில் எல்லாம் கை போட்டார்கள், என் தோளிலும் ஒரு இந்தோனேசியர்.

லயத்து எட்டி:
பின்னால் கீபோர்டில் வயலின் கூட்டம் வருமே, அந்தச் சர்க்கரைப் பாகை யார் வாசிப்பது? நம் குழுவில் கீபோர்டே கிடையாது.

டிரம் பையன்:
என்னிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கீபோர்டு பகுதியை மூன்றாவது கித்தார் எடுத்துக்கொள்ளும், அது பிரச்சினை இல்லை. பாஷண்டேல் எனக்கும் ஆசைதான், ஆனால் அந்த நிறுத்தி நிறுத்தி வரும் இடங்களுக்கு எல்லோரும் ஒன்றாக இரண்டு மாதம் உட்கார வேண்டும். கித்தார் இரண்டு பேரும் செம்பனை மில்லில் இரவு ஷிப்ட். அப்புறம், இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை அடிக்கும் டபுள் பெடலை வாடகைக்கு எடு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். இந்தப் பாட்டுகளில் டிரம் வாசித்த நிக்கோ மெக்பிரைன் ஒற்றைப் பெடல்காரர். 2003-இல் 'ஃபேஸ் இன் தி சேண்ட்' பாட்டில்தான் முதன்முதலாக டபுள் பெடலைத் தொட்டார். பிளட் பிரதர்ஸ் தாளத்தை நான் இந்த ஞாயிறே வாசிப்பேன்.

பால்மரக்காடு:
சரி, ஞாயிறு சாயங்காலம் பிளட் பிரதர்ஸ் ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். பாஷண்டேலை அடுத்த வருஷத்துக்கு இப்போதே எழுதி வைக்கிறேன்.

லயத்து எட்டி:
பத்து நிமிஷம் என்றுதானே சொன்னார்கள்? விக்கர் மேனை இரண்டு தடவை வாசிக்கலாம்.