மறு: ‘புனித வடிவியல்’ சரியா வருமா?

வணக்கம் ஐயா,

‘sacred geometry’ங்கிறதுக்கு, அதாவது சமயத்துல வர்ற வடிவங்களப் பத்தின துறைக்கு, தமிழ்ச்சொல்லா நீங்க போட்ட ‘புனித வடிவியல்’ பொருளளவுல சரிதான், ஆனா பினாங்குல ‘புனித’னு ஆரம்பிச்சாலே வாய் தானா ‘அன்னாள்’னு முடிக்குது, புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் தேவாலயத் திருவிழா கண்ணு முன்னால வந்துடுது. நேத்து இன்னொருத்தர் சொன்ன ‘திருவடிவியல்’ அதைவிட வம்பு. போன வருஷம் ஒரு கோயில் மலருக்கு நான்தான் மெய்ப்பு பாத்தேன், இதே சொல் வரிக் கடைசில ஒடைஞ்சு மேல ‘திருவடி’ கீழ ‘வியல்’னு அச்சாயிடுச்சு. ஒரு பெரியவர் போன் போட்டு, திருவடியப் பத்தின கட்டுரைன்னு ஆசையா பிரிச்சேன், உள்ள முழுக்க முக்கோணமா இருக்கேப்பான்னு கேட்டாரு.

எனக்குப் பட்டது ‘சமய வடிவியல்’. வடிவியல் தமிழ்ப்பள்ளி கணித புத்தகத்துலயே இருக்கு (இலங்கைல கேத்திரகணிதம்பாங்க, அது நம்ம பிள்ளைங்க வாய்ல நுழையாது). சமயம்னு போட்டா ஸ்ரீசக்கரத்தோட ஒன்பது முக்கோணமும் அடங்கும், கோலாலம்பூர் இரட்டைக் கோபுரமும் அடங்கும், அதோட தரைப்படம் ரெண்டு சதுரத்த ஒன்னுமேல ஒன்னு திருப்பி வெச்ச எட்டுமுனை நட்சத்திரத்துல இருந்து வந்ததுதானே, இஸ்லாமியக் கலை வடிவம். வழிபாட்டுக்கு வரையுற கோட்டுப்படத்துக்கு (யந்திரம்) மட்டும் புதுச்சொல் வேணாம், திருமூலரே ‘சக்கரம்’னு எழுதிட்டாரு. யந்திரம்னு போட்டா தட்டச்சு பண்றவங்க ‘இயந்திரம்’னு திருத்திடுறாங்க.

இப்ப உண்மையான சிக்கல், அறுகோணம். எங்க அக்கா மக அஞ்சாம் ஆண்டு படிக்கிறா. சமய வகுப்புல முருகனுக்கு அறுகோணம் வரைஞ்சிட்டு வரச் சொல்லியிருக்காங்க, அவ ஸ்கேல் வெச்சு கணக்குப் பாடத்துல வர்ற ஆறுபக்க உருவத்த அழகா வரைஞ்சு மூலைக்கு ஒரு எழுத்தா ச-ர-வ-ண-ப-வ எழுதி, நடுவுல வேல் போட்டு, கலர் வேற அடிச்சு கொண்டு போனா. தப்புன்னுட்டாங்க. கோயில்ல அறுகோணம்னா மேல்நோக்குற முக்கோணமும் கீழ்நோக்குற முக்கோணமும் பின்னின நட்சத்திரம், பள்ளிக்கூடத்துல அது வேற உருவம், பிள்ளை மேல என்ன தப்பு சொல்லுங்க. அதனால கணக்குக்கு அறுகோணம் அப்படியே இருக்கட்டும், முருகனோடத ‘அறுமுனைச் சக்கரம்’னு பிரிச்சிடலாம்.

நிறத்துக்கு வருவோம். ‘color theory’க்குப் போட்ட ‘நிறக்கோட்பாடு’ங்கிற ஒரே சொல்லுல எல்லாத்தையும் கட்டப் பாக்குறீங்க, அங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். நியூட்டன் 1704ல வெளியிட்ட ஒளியியல் நூல்ல ஏழு நிறத்த வட்டமா அடுக்குனாரே, எதோட எது கலந்தா என்ன வரும்னு பாக்க, அது கோட்பாடு. ‘உண்மை விளக்கம்’ங்கிற சைவ சித்தாந்த நூல்ல ஐம்பூதத்துக்கு வர்றது வேற சமாச்சாரம் லா: நிலம் சதுரம், பொன்நிறம், நீர் பிறை, வெள்ளை, தீ முக்கோணம், சிவப்பு, காத்து அறுகோணம், கருப்பு, வானம் வட்டம், புகைநிறம். இங்க நிறம் எதோடயும் கலக்குறதில்ல, ஒன்ன சுட்டிக் காட்டுது, வடிவத்த விட்டு தனியாவும் வராது. இதுக்கு ‘நிறக்குறி’னு வெச்சா போதும்.

ரெண்டையும் கலந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னா பிரிக்பீல்ட்ஸ் பக்கம் யோகா வகுப்புல தொங்குற, உடம்புல இருக்கிறதா சொல்ற சக்கரங்களோட படத்த பாருங்க, முதுகுத்தண்டு அடியில இருக்கிற மூலாதாரம் சிவப்புல ஆரம்பிச்சு உச்சந்தலைல ஊதால முடியுற வானவில். பழைய நூல்ல மூலாதாரம் நிலத்தோட இடம், அங்க மஞ்சள் சதுரம். தொப்புள் பக்கத்து மணிபூரகம் தீ, அங்க சிவப்பு முக்கோணம். படத்துல அது அப்படியே தலைகீழ், தீ இருக்க வேண்டிய எடத்துல மஞ்சள் ஒக்காந்திருக்கு. வானவில் வரிசை போன நூற்றாண்டுல வந்து சேந்தது, ஆனா அத ‘நம்ம முன்னோர் சொன்னது’ன்னு விளக்குனவர்கிட்ட நான் வாயத் தொறக்கல, எங்க அக்கா அங்கதான் பணம் கட்டியிருக்கா.

‘நிறக்குறி’ய யாராச்சும் ஏற்கனவே வேற எதுக்காவது எடுத்திருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, இந்த வருஷ மலர் திங்கள் அச்சுக்குப் போகுது.