சிங்கப்பூருக்குச் சிகரெட் வாங்கிச் செல்வது லாபமா?

கேள்வி: புதுவண்ணாரப்பேட்டை வாசி
என் மாமனார் அடுத்த மாதம் சிங்கப்பூரிலுள்ள என் மைத்துனர் வீட்டுக்குப் பத்து நாள் பயணமாகச் செல்கிறார். நாளொன்றுக்குப் பத்து சிகரெட் பிடிப்பவர். அங்கே விலை கடுமை என்று கேள்விப்பட்டதால், மீனம்பாக்கத்தில் டூட்டி ஃப்ரீ கடையில் ஒரு கார்ட்டன் (இருநூறு சிகரெட்) வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். பர்மா பஜாரில் வெளிநாட்டுப் பெட்டிகளைப் பேரம் பேசி வாங்கிப் பழகியவர் அவர். "வரியில்லை என்று கடையிலேயே எழுதியிருக்கும்போது, இறங்கும் ஊரில் எவன் வரி கேட்பான்?" என்ற அவர் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: காசிமேட்டுக் கப்பல்காரன்
தம்பி, அந்தக் கடையில் விட்டுக்கொடுக்கப்படுவது நம் நாட்டு வரி மட்டுமே. இறங்கும் நாடு தன் வரியைக் கேட்பதை அந்தப் பலகை தடுக்காது. பல நாடுகள் பயணிக்கு இத்தனை சிகரெட் என்று ஒரு சலுகை வைத்திருக்கின்றன. நாம் ஊர் திரும்பும்போது இந்தியச் சுங்கமும் நூறு சிகரெட் வரை விடுகிறது. சிங்கப்பூரிலோ அந்தச் சலுகையே கிடையாது. பையில் கிடக்கும் உடைத்த பெட்டியில் ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தாலும் சுங்கத்தின் சிவப்பு வழியில் சென்று அறிவிக்க வேண்டும்.

2023 பிப்ரவரியில் ஒரு சிகரெட்டுக்கான வரியை 49.1 காசாக (சிங்கப்பூர் சென்ட்) உயர்த்தினார்கள். அந்தக் கணக்கிலேயே நூறு சிகரெட்டுக்கு 49 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 10 காசு ஆகிறது. அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் உண்டு. கார்ட்டன் என்றால் இரு மடங்கு. நூறு வெள்ளி வரி கட்டிய கார்ட்டனில் பாதியை மட்டும் பிடித்துவிட்டு மீதியைத் திரும்பக் கொண்டுவருவது எந்தக் கணக்கிலும் சேராது. அறிவிக்காமல் பச்சை வழியில் நடந்து பிடிபட்ட என் கப்பல் தோழர் ஒருவர், பெட்டிக்கு இருநூறு வெள்ளி வீதம் அபராதம் கட்டியதை நேரில் பார்த்தவன் நான்.

பதில்: தண்டையார்பேட்டை மாமி
அவர் வெற்றிலையோடு புகையிலை போடுபவரானால் அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மெல்லும் புகையிலைக்கும் மின்சிகரெட்டுக்கும் அங்கே அனுமதியே இல்லை. வரி கட்டுகிறேன் என்றாலும் விடமாட்டார்கள்.

பதில்: கொருக்குப்பேட்டை கணக்கன்
இருபது சிகரெட் கொண்ட பெட்டி நான் சென்றபோது அங்கே பதினைந்து வெள்ளி அளவில் விற்றது. நூறு சிகரெட்டுக்கு ஐந்து பெட்டி, எழுபத்தைந்து வெள்ளி. சென்னை விலையோடு அந்த ஐம்பது சொச்சம் வெள்ளி வரியையும் கூட்டிப் பாருங்கள். மிச்சம் ஒன்றும் தேறாது. தேவைக்கேற்ப அங்கேயே வாங்குவதுதான் உசிதம். ஆனால் 2019 முதல் ஆர்ச்சர்ட் சாலையில் குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் புகைக்க முடியாது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். டீக்கடை வாசலில் நின்று பற்றவைக்கும் நம் பழக்கம் அங்கே செல்லாது.

கேட்டவர்: புதுவண்ணாரப்பேட்டை வாசி
மூவருக்கும் நன்றி. காசிமேட்டு அண்ணன் எழுதியதை மாமனாரிடம் படித்துக் காட்டினேன். கார்ட்டன் எண்ணத்தைக் கைவிட்டார். இருநூறு வெள்ளி அபராதத்தை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.