டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி) என்ற பகடைக் கதை விளையாட்டில் முதல் தடவை ஆட வந்தவருக்கு எந்த கிளாஸ் (பாத்திர வகை) கொடுத்தீர்கள்? என்ன ஆனது?

பகடைப்பித்தன்
போன மாதம் நடந்தது, இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. டி&டி, 2014 விதிப்புத்தகம், முதல் லெவல், வழக்கம்போல கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) பதுங்கியிருந்து தாக்கும் கட்டம். ஆள் குறைந்ததால் கொழுந்தியாளை உட்கார வைத்தேன். புதியவருக்கு ஃபைட்டர் (சண்டைக்காரன்) தான் என்று எல்லோரும் சொல்வதுதானே? பாத்திரத்தின் ஷீட்டை நானே எழுதிக் கொடுத்தேன். செயின் மெயில், கேடயம், ஆர்மர் கிளாஸ் (எதிரியின் அடி பட அவன் எட்ட வேண்டிய எண்) 18. சாக மாட்டாள் என்று கணக்கு. சாகவில்லைதான். மூன்றாவது ரவுண்டில் பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: “அத்தான், வெட்டுறேன்னு சொல்றதைத் தவிர நான் வேற ஏதாவது சொல்லலாமா?” எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தலைவலி என்று வரவில்லை.

இருட்டுக்குகை
உங்கள் கொழுந்தியாளாவது உயிரோடு வீட்டுக்குப் போனார். எனக்கு முதல் ஆட்டத்திலேயே விஸார்ட் (மந்திரவாதி). மந்திரப் புத்தகத்தில் 6 ஸ்பெல், தனியாக 3 கேன்ட்ரிப் (எத்தனை முறையும் போடக்கூடிய சின்ன மந்திரம்), ஸ்பெல் போடும் வாய்ப்பான ஸ்லாட் இரண்டே இரண்டு. பெரிய எதிரி வருவான் என்று இரண்டையும் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 7. கோப்ளின் அம்பு 1டி6+2, அதாவது ஆறுமுகப் பகடையில் விழுவதோடு 2. ஆட்டத்தை நடத்தும் டிஎம் உருட்டினார், 6 விழுந்தது. அவ்வளவுதான், சாய்ந்துவிட்டேன். டெத் சேவ் (உயிர் பிழைக்க உருட்டுவது) 4, 9, அப்புறம் 7, மூன்றுமே போதவில்லை. அந்த ஷீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அழிக்காத இரண்டு ஸ்லாட் கட்டங்களும் அப்படியே இருக்கின்றன. என்னிடம் இருந்த மேஜிக் மிஸைல் மந்திரம் குறியே தப்பாது என்பது செத்த பிறகுதான் தெரிந்தது.

நாலாவது கதவு
@இருட்டுக்குகை, இதில் விஸார்ட்டைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? மூன்று ரவுண்டு நீங்கள் கிடந்தபோது மற்றவர்கள் என்ன செய்தார்கள்? உங்களைக் காப்பாற்ற மெடிசின் செக்கில் (வைத்தியத்துக்கு உருட்டுவது) 10 எடுத்தால் போதும், ஹீலர்ஸ் கிட் (வைத்தியப் பை) இருந்தால் அதுவும் வேண்டாம். புதியவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்லாத டிஎம்தான் குற்றவாளி.

சரி, புதியவருக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டால் (யாரும் கேட்கவில்லை, தெரியும்) வார்லாக், அமானுஷ்ய சக்தியோடு ஒப்பந்தம் போட்ட மந்திரவாதி. அவருடைய எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரம் 120 அடி பாயும், 1டி10, எத்தனை முறை வேண்டுமானாலும். ஸ்லாட் ஒரு மணி நேர ஓய்விலேயே திரும்பிவிடுவதால் பொத்தி வைக்கும் வியாதி வராது. இரண்டாவது ரோக் (திருடன்). ஸ்னீக் அட்டாக் (சமயம் பார்த்துக் கொடுக்கும் கூடுதல் அடி) கணக்கு ஒருமுறை புரிந்தால் போதும், சண்டை இல்லாத நேரத்திலும் பூட்டு, பொய், திருட்டு என்று வேலை இருக்கும். ஃபைட்டர்தான் என்று பிடிவாதம் என்றால் 2024 புத்தகத்தை எடுங்கள். அதில் வெப்பன் மாஸ்டரி உண்டு, அடிப்பதோடு எதிரியைத் தள்ளலாம், சாய்க்கலாம். கொழுந்தியாளுக்கு அது பிடித்திருக்கும். 1974இல் வந்த முதல் பெட்டியில் கிளாஸே மூன்றுதான்: சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக் (பூசாரி). திருடன் 1975இல்தான் சேர்ந்தான். இப்போது அடிப்படைப் புத்தகத்திலேயே 12 இருக்கிறது, புதியவர் முழிக்காமல் என்ன செய்வார்?

என் அனுபவமா? முதலில் ரோக் ஆடினேன். நன்றாகத்தான் இருந்தது.

வெற்றுக்கேடயம்
@நாலாவது கதவு கிளெரிக்கை ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். “நீ புதுசுதானே, பின்னாடி நின்னு ஹீல் பண்ணு” என்று என் தலையில் கட்டினார்கள். நண்பன் விழுந்ததும் தொட்டுக் குணமாக்கும் க்யூர் வூண்ட்ஸுக்காக இரண்டு ஆர்க்குகளுக்கு (முரட்டு அசுரர்கள்) நடுவே ஓடினேன், ஆளுக்கு ஓர் அடி வாங்கி அவன் பக்கத்திலேயே படுத்தேன். ஹீலிங் வேர்ட் என்ற இன்னொரு குணமாக்கும் மந்திரத்தை 60 அடி தள்ளி நின்றே சொல்லலாமாம். எனக்கு யார் சொன்னது?

ஓகர்த்துரோகி
அண்ணன் மகன், 10 வயது. புத்தகப் படத்தைப் பார்த்து பார்பேரியனை (காட்டு வீரன்) தானே எடுத்தான். நான் டிஎம். ஓகர் என்ற அரக்கனோடு சண்டை, ரேஜில் (சண்டை வெறி) இறங்கினான், ஒரு வெட்டு. ஓகர் குரலில் சும்மா “பசிக்குது” என்றேன். பையன் நின்றுவிட்டான்.

“சித்தப்பா, ரேஜ்ல இருக்கும்போது பேசலாமா?”

பேசலாம், ஆனால் இந்த முறை அடிக்காவிட்டால் ரேஜ் தணிந்துவிடும் என்றேன். 2014 விதி அப்படித்தான். கொஞ்சம் யோசித்தான். “சரி, தணியட்டும்” என்று மூட்டையில் இருந்த 10 நாள் சாப்பாட்டையும் எடுத்து ஓகர் முன்னால் வைத்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சண்டைக்கென்று வரைபடமெல்லாம் போட்டு வைத்திருந்தேன், வீணாகிவிடுமே என்று ஓகரை அடிக்க வைத்தேன். 13. ரேஜில் இருந்திருந்தால் பாதி அடிதான், தணிந்துவிட்டதால் முழுசும். “ஓ” என்றான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஆட்டம் முடியும்வரை வெட்டுகிறேன், வெட்டுகிறேன் என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை.

பகடைப்பித்தன்
மேலே உள்ளதைக் கொழுந்தியாளிடம் காட்டினேன். அந்தப் பையன் ஆடுகிற மேஜை எங்கே என்று கேட்கிறாள். டிஎம் யாராக இருந்தாலும் பரவாயில்லையாம், நீங்களும் நானும் மட்டும் கூடாதாம்.