கண்ணுக்குக் கீழே மூன்றாவது முறையாக வீங்கியிருக்கிறது, உதவுங்கள்

கேட்பவர், கொழிஞ்சாம்பாறை

எங்கள் வீட்டு நாய் கறுப்பிக்கு 9 வயது. வலது கண்ணுக்கு ஒரு விரல் கீழே சுண்டைக்காய் அளவுக்கு வீங்கி, நான்கைந்து நாளில் உடைந்து சீழும் இரத்தமும் வடிகிறது. முள் குத்தியிருக்கும் என்று இங்கே ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மாத்திரை தீரும் வரை ஆறியிருக்கும், பிறகு அதே இடத்தில் மறுபடியும் வீக்கம். கண் தெளிவாக இருக்கிறது. சோறு தின்கிறாள், ஆனால் தலையை இடப்பக்கம் சாய்த்தே மெல்லுகிறாள். வாய் நாற்றம் தாங்க முடியவில்லை. புற்றுநோயாக இருக்குமோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை.

பொள்ளாச்சியிலிருந்து

அக்கா, முதலில் ஒன்று சொல்லுங்கள்: வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்கிறீர்களா? போடாத நாய் எச்சில் ஒழுகி விழுங்கத் திணறினால், பல்தான் என்று நினைத்து வாய்க்குள் கைவிடக் கூடாது.

போட்டிருந்தால், வலப்பக்க மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். பின்னால் எல்லாவற்றையும்விடப் பெரிய பல் ஒன்று இருக்கும். அதற்கு மூன்று வேர்கள், அவற்றின் நுனி கண்ணுக்குச் சற்றுக் கீழே முடிகிறது. பல்லில் விரிசல் விட்டு கிருமி வேருக்குள் இறங்கினால் சீழ் அங்கேதான் வழி தேடும். எங்கள் நாய்க்கும் இதே கதைதான். எலும்பு போடுவீர்களா?

கேட்பவர்

தடுப்பூசி வருடா வருடம் போடுகிறோம், தம்பி. உதட்டைத் தூக்கினேன். அந்தப் பல்லின் வெளிப்பக்கம் சீவியது போல உடைந்திருக்கிறது, ஈற்றை ஒட்டிப் பழுப்பாகக் காறை. ஞாயிறுதோறும் மாட்டுக்கால் எலும்பு போடுவோம். பல் சுத்தமாகும் என்றுதான் போட்டோம்.

பொள்ளாச்சியிலிருந்து

அவ்வளவு கெட்டியான எலும்பு பல்லையே உடைத்துவிடும், அக்கா. இனி வேண்டாம். ஆன்டிபயாடிக் சீழை அடக்குமே தவிர, செத்த வேர் உள்ளே இருக்கும் வரை வீக்கம் திரும்பத் திரும்ப வரும். எக்ஸ்-ரே எடுத்து உறுதி செய்யச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் பிடுங்குவார்கள். வயதான நாய் என்பதால் சிறுநீரகம், ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை முதலில் கேளுங்கள். மயக்கமில்லாமல் காறையைச் சுரண்டித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். ஈற்றுக்கு அடியில் இருப்பது அப்படி வராது.

வேலந்தாவளத்திலிருந்து

வலிக்கிறதே என்று நம் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனை இருந்தால் பாராசிட்டமால் பக்கமே போகக் கூடாது, ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

கேட்பவர், மூன்று வாரம் கழித்து

குதிரான் சுரங்கம் தாண்டி மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்கே கொண்டுபோனோம். எக்ஸ்-ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். பல்லை மூன்று துண்டாக வெட்டி எடுத்தார்கள். தையல் தானே கரைந்துவிட்டது. பத்து நாள் குழைத்த சோறும் உப்பில்லாத கோழியும் கொடுத்தேன். கண்ணுக்குக் கீழே இப்போது வெறும் தழும்புதான், மயிர்கூட முளைக்கத் தொடங்கிவிட்டது. இத்தனை மாதம் வலியோடு வாலை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

நாம் பல் தேய்க்கும் பேஸ்டில் சில வகைகளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம் என்றார்கள். அதனால் நாய்க்கென்றே விற்கும் பேஸ்ட் வாங்கினேன். கன்னப் பக்கம் மட்டும் தேய்த்தால் போதுமாம். இன்று இடப்பக்கம் முழுவதும் தேய்க்க விட்டாள். வலப்பக்கம் கை போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நானும் விட்டுவிட்டேன்.